பாறைக்கடியில் தெரியும் வானத்துச் சூடு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வானத்தைப் பார்ப்பது மழைக்காக. மேகமே இல்லாத கோடையிலும் அந்த வானம் ஒன்றைப் பொழிந்துகொண்டுதான் இருக்கிறது: விரல் நகம் அளவு நிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் என்ற நுண்துகள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்காற்றின் அணுக்கருக்களில் மோதும்போது பையான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பையானுக்கு இரண்டே வழி: இன்னோர் அணுக்கருவில் மோதி அழியலாம், அல்லது சிதைந்து மியூவானாகலாம். மேல்காற்று சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். மோதல் குறைந்து மியூவான் கூடும். ஆனால் வேகமான பையான்களுக்குத்தான் இந்தப் போட்டி கடுமை. அவற்றின் மியூவான்களைப் பிரித்தெடுக்க நம் தோட்டக் கிணற்று ஆழம் போதாது; நூற்றுக்கணக்கான மீட்டர் பாறை சல்லடையாக வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சூடான் என்ற பழைய இரும்புச் சுரங்கத்தில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் இருந்த மைனோஸ் என்ற துகள் உணர் கருவியில் கோடையில் மியூவான் எண்ணிக்கை கூடியது, குளிரில் குறைந்தது. குளிர்காலத்தில் துருவப் பகுதியின் மேல்காற்று சில நாட்களில் திடீரெனச் சூடாவதும் அதில் பதிந்திருந்ததை 2009இல் வெளியிட்டார்கள்.

பருவத்தோடு கூடிக் குறைவது எத்தனையோ உண்டு, இது வெப்பத்தின் வேலைதான் என்று எப்படிச் சொல்வது? பதில் ஊட்டியில் இருக்கிறது. அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி, 560 சதுர மீட்டர் பரப்பில், நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. 2005 முதல் 2010 வரையிலான கணக்கில், மேல்காற்று ஒரு டிகிரி சூடானால் எண்ணிக்கை 0.17 சதவீதம் குறைந்தது. கூடவில்லை, குறைந்தது! ஊட்டி எண்ணுவது பெரும்பாலும் வேகம் குறைந்த மியூவான்களை. அவற்றைத் தரும் பையான்கள் எப்படியும் சிதைந்துவிடும்; காற்று விரிந்தால் மியூவான் பிறக்கும் உயரம் கூடி, தரைக்கு வருமுன்பே வழியில் சிதைபவை பெருகும். ஒரே சூடு ஆழத்தில் ஏற்றத்தையும் மேலே இறக்கத்தையும் தரும் என்று கணக்கு முன்பே சொன்னது. கருவிக் கோளாறு இப்படி இரண்டு இடத்தில் திசை மாற்றிப் பொய் சொல்லாது.

மேல்காற்றின் வெப்பத்தை அளக்கப் பலூனும் செயற்கைக்கோளும் இருக்க இது எதற்கு என்றால், அவற்றுக்குப் பதிலாக அல்ல. அவற்றைச் சார்பின்றிச் சரிபார்க்க. நம் அட்சரேகையில் மேல்காற்று ஆண்டுக்கு ஒரு டிகிரி அளவே ஏறி இறங்குவதால் பலன் சிறியதுதான். மழையையும் இது சொல்லாது. தேனி பொட்டிபுரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறைக்கடியில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் எதிர்ப்பில் நின்றுபோனதால், ஊட்டியின் இறக்கத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க ஆழத்தின் ஏற்றம் தமிழ்நாட்டில் எண்ணப்படவில்லை.