தடைகளை நீக்கும் தொழில்வழிச் சிகிச்சை

காலையில் எழுந்தவுடன் பல் துலக்குகிறோம், குளிக்கிறோம், சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகிறோம். இவற்றைப் பற்றி நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கோ சக்கர நாற்காலியில் நடமாடுபவருக்கோ இவை ஒவ்வொன்றும் பெரும் முயற்சியாகும். அத்தகையோர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவுவதே தொழில்வழிச் சிகிச்சை.

இங்குத் ‘தொழில்’ என்னும் சொல் சம்பளத்திற்காகச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. உண்பது, உடுத்துவது, சமைப்பது, படிப்பது, விளையாடுவது என நாம் அன்றாடம் செய்யும் அனைத்தும் அதில் அடங்கும். 1917ஆம் ஆண்டு அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு சங்கம் தோன்றியது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் மீண்டும் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்ப இச்சிகிச்சை துணைபுரிந்தது.

சிகிச்சையாளர், “நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?” என்று முதலில் கேட்பார். பிறகு, அச்செயலை அவர் செய்யும்போது உன்னிப்பாகக் கவனிப்பார். சிரமத்திற்குக் காரணம் உடல்நிலை மட்டுமன்று. பல வேளைகளில் இடத்தின் அமைப்பும் காரணமாக இருக்கும்.

சிங்கப்பூரில் பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் குளியலறை வாசலில் ஒரு சிறு மேடு இருக்கும். சக்கர நாற்காலி அதைத் தாண்டாது. அங்குச் சாய்தளம் அமைத்தால் தடை நீங்கும். பொதுவாக, 1 சென்டிமீட்டர் உயரத்திற்கு 12 சென்டிமீட்டர் நீளம் தேவை. எனவே, 15 சென்டிமீட்டர் உயரமுள்ள படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அது மிகவும் செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்புறமாகக் கவிழக்கூடும்.

குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பிகளும் விழும் ஆபத்தைக் குறைக்கும். கம்பியை எங்குப் பொருத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். இடக்கை வலுவிழந்தவருக்கு வலப்பக்கம் கம்பி தேவை. உருண்டைக் கைப்பிடிக்குப் பதிலாக நீளமான கைப்பிடியைக் கதவில் பொருத்தினால், விரல்களை மடக்க முடியாதவரும் முழங்கையால் அழுத்தித் திறக்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், தகுதிபெறும் குடும்பங்கள் இத்தகைய மாற்றங்களை மானிய விலையில் செய்துகொள்கின்றன.

வேலையிடத்திலும் இதே அணுகுமுறை பயன்படுகிறது. உயரத்தை மாற்றக்கூடிய மேசை சக்கர நாற்காலியில் அமர்பவருக்கு ஏற்றது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் பார்வையற்றவருக்குக் கைகொடுக்கும். செவித்திறன் குறைந்தவருக்கு, ஒலியுடன் ஒளியும் எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவி அவசியம். அறிவுசார் குறைபாடுள்ள ஊழியருக்கு, வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துப் படங்களுடன் விளக்கலாம். லெங்கோக் பாருவில் உள்ள ‘எனேபலிங் வில்லேஜ்’ வளாகத்தில், இதுபோன்ற உதவிக் கருவிகள் பலவற்றை நேரில் பார்த்துப் பயன்படுத்திப் பார்க்க முடியும்.

சில வேளைகளில் அன்பும் தடையாகிவிடுவதுண்டு. “பாவம், அவரால் முடியாது” என்று எண்ணிக் குடும்பத்தாரே உணவு ஊட்டி, உடை உடுத்திவிடுவார்கள். பயன்படுத்தாத கை மேலும் வலுவிழக்கும், தன்னம்பிக்கையும் குறையும். ஆகவே, சிகிச்சையாளர் குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிக்கிறார். சட்டை அணியும்போது வலுவற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது வலுவான கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த எளிய முறையைக் கற்றவர் பிறர் உதவியின்றி உடுத்திக்கொள்ளலாம். அதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருப்பதே குடும்பத்தார் செய்யும் சிறந்த உதவி.

உடற்குறையுள்ளோருக்காக அமைக்கும் சாய்தளத்தில் தள்ளுவண்டியுடன் வரும் தாயும் கைத்தடி ஊன்றிய தாத்தாவும் ஏறிச் செல்கின்றனர். அந்தச் சாய்தளத்தின் குறுக்கே மிதிவண்டியை நிறுத்தினால் அவர்கள் அனைவரின் வழியும் அடைபடும். வழியை விட்டு வைப்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.