குன்னூரின் கட்டடமும் கூடலூரின் செவிலியரும்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் பலர், அருகிலேயே நிற்கும் பாஸ்டர் நிலையத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாடெங்கும் குழந்தைகளுக்குப் போடப்படும் முத்தடுப்பு ஊசி மருந்தில் ஒரு பங்கு இங்கேதான் தயாராகிறது. 1907 ஏப்ரல் 6 அன்று இந்த நிலையம் வேலையைத் தொடங்கியபோது அதற்கு இருந்தது ஒரே நோக்கம். தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்களைப் பிழைக்க வைப்பது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1902-இல், லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்திருந்தார். அப்போது இந்தியாவில் அதற்கான சிகிச்சை இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் மட்டுமே கிடைத்தது. அந்தச் சாவு சென்னை மாகாணத்தை உலுக்கியது. நாய்க்கடியால் அதற்கு முன்பும் இங்கே ஏழைகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒரு மருத்துவமனை எழும்புவதற்கு யார் இறந்தார் என்பதும் அன்று ஒரு காரணமாக இருந்தது.

பணம் வந்த வழி வியப்பானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து எஃகுத் தொழிலதிபர், ஆண்ட்ரூ கார்னெகியின் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சனிடம் மொத்தம் 30,000 பவுண்டு கொடுத்தார். பொதுப்பயனுள்ள எதற்கும் செலவிடலாம், அறிவியல் ஆராய்ச்சியாக இருந்தால் நல்லது என்பதற்கு மேல் அவர் எதையும் வரையறுக்கவில்லை. பெரும்பகுதி பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. மிச்சத்தில் ஒரு பங்கு நீலகிரி ஏறி வந்தது. பூசாவின் கட்டடம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்து, நிலையம் டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. குன்னூரில் தொடங்கிய நிலையம் தொடங்கிய ஊரிலேயே இருக்கிறது.

நாய் கடித்தவர் அன்று குன்னூருக்கே வந்தாக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899-இலேயே குன்னூரை எட்டியிருந்தது. ஊட்டிக்கு அது 1908-இல்தான் போனது. கடித்த நாயின் முகம் மனத்தில் நிற்க, வேலையை விட்டு, கூலியை விட்டு, முன்பின் அறியாத குளிரில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். பின்னர் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் தடுப்பு மருந்து வந்தது. அது குப்பியில் பயணம் செய்து மாவட்ட மருத்துவமனைகளை அடைந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டிமார் பயத்தோடு சொன்னது அதைத்தான். சிலருக்கு அந்த மருந்தே பக்கவாதத்தைக் கொண்டுவந்தது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதன் பயன்பாடு நின்றது. இன்று ஊரிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேற்கையில் தோலுக்குள் ஊசி: கடித்த அன்றும், 3, 7, 28 ஆகிய நாள்களிலும். காசு இல்லை, ரயில் இல்லை, குளிர் இல்லை. இது முழுக்க முழுக்க லாபக் கணக்கு.

இன்னொன்றையும் குன்னூரின் கணக்கில் சேர்க்க வேண்டும். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் இந்த நிலையத்தின் ஒரே அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஃபிப்ஸ் பணம் கொடுத்தபோது யாரும் இதைக் கேட்கவுமில்லை, எதிர்பார்க்கவுமில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் வேலைக்கு அன்றைய நன்கொடையில் இடம் இருந்தது.

ஆனால் அந்த இடம் இந்த மலையின் சொந்த மக்கள்வரை நீளவில்லை. ஊட்டியை ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கியதிலிருந்தே, சமவெளி வெயிலில் வாடிய ஐரோப்பியர் உடல் தேறும் இடமாகத்தான் நீலகிரி எண்ணப்பட்டது. உடல் தேற வந்தவர்களுக்கு மருத்துவர்கள் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கு அவரவர் வைத்தியரும் காட்டு மூலிகையும் மட்டுமே. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் இவைதான். ஆறும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன.

1952-இல் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்த ஆண்டு லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, அதில் அரிவாள் செல் கூறு இருப்பதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த மரபணுக் குறை கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. மருத்துவ நூல்களில் நீலகிரி இடம்பெற்றது. இரத்தம் கொடுத்த வீடுகளிலோ, குழந்தைகள் மூட்டு வலியில் துடிப்பதும், சோகை பிடித்து வளராமல் போவதும், இளவயதில் இறப்பதும் அப்படியே தொடர்ந்தன. நோய்க்குப் பெயர் இருக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல ஆளில்லை. 1958-இல் டாக்டர் எஸ். நரசிம்மன் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கியபோதுதான் பழங்குடியினரை நாடிப் போகும் மருத்துவம் இங்கே வேர்விட்டது.

ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர். 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கராவும் மாரி மார்சல் தெக்கேக்கராவும் அங்கே 'அக்கார்டு' அமைப்பைத் தொடங்கியபோது, பறிபோன நிலம்தான் ஆதிவாசிகளின் முதல் பேச்சாக இருந்தது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. கூட்டம் கூடிய இடத்தில் பிரசவத்தில் இறந்த பெண்ணைப் பற்றியும், வயிற்றுப்போக்கில் போன பிள்ளையைப் பற்றியும் பேச்சு எழாமல் இருக்குமா? 1987-இல் மருத்துவத் தம்பதியர் தேவதாசனும் ரூபாவும் வந்தார்கள். ஊருக்கு ஊர் ஆதிவாசிகளையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்கக் கற்றுக்கொடுப்பது, கர்ப்பிணியைக் கண்காணிப்பது. 1990-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் சேர, 'அஸ்வினி' அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை உருவானது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஆதிவாசிப் பெண்கள் அங்கே வேலையோடு வேலையாகச் செவிலியரானார்கள். பணியர் வீட்டுப் பாட்டி வாய் திறந்து தன் மொழியில் வலியைச் சொல்ல, எதிரே அதே மொழியில் கேட்கும் பெண் நிற்கிறாள். மருத்துவமனைக்குப் பயந்து ஒதுங்கிய சமூகங்களை உள்ளே வரவழைத்தது கருவியோ கட்டடமோ அல்ல, அந்தப் பெண்தான்.

1952-இன் கடனும் இங்கேதான் அடையத் தொடங்கியது. அரிவாள் செல் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் எளிமை ஆச்சரியப்படுத்தும். விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு இரத்தம் சிறு குழாயிலுள்ள கரைசலில் விழுகிறது. சில நிமிடம் கழித்துக் குழாயின் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடிக்கிறார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் பயமில்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் அடுத்த கட்டச் சோதனை. உறுதியானால் ஃபோலிக் அமில மாத்திரை, தேவைப்படுவோருக்கு ஹைட்ராக்சியூரியா, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் அறிவுரை, விடாத கண்காணிப்பு. இந்த நோயை ஒழிக்க மத்திய அரசு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது 2023 ஜூலையில். முதல் ஆய்வுக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் இடையே 71 ஆண்டுகள்.

காப்பீட்டிலும் கூடலூர் முந்திக்கொண்டது. 1992-இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்க உறுப்பினர்களுக்கு நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் மூலம் மருத்துவக் காப்பீடு எடுக்கப்பட்டது. கூலி வாங்கும் குடும்பங்கள் தம் பங்காக ஒரு சிறு தொகை கட்டின. மீதியை நன்கொடை ஈடுகட்டியது. கட்டியவர்களுக்கு அந்த மருத்துவமனை தர்ம ஆஸ்பத்திரி ஆகவில்லை. அதன் குறையைக் கேட்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009-இல், பதினேழு ஆண்டுகள் கழித்து.

இனி, கொடுப்பவர் பக்கம். ஃபிப்ஸின் காலத்தில் ஒரு செல்வரும் ஒரு வைஸ்ராயும் பேசி முடித்தார்கள். எங்கே, யாருக்கு என்பதில் நோயாளிக்கு எந்தக் குரலும் இல்லை. இன்று அறக்கட்டளைகளில் நிதி வழங்குவது தனித் தொழில். அதற்கென்று படித்த அலுவலர்கள் இருக்கிறார்கள். புரபோசல் வாங்குகிறார்கள், மலையேறி வந்து ஊரில் உட்கார்ந்து கேட்கிறார்கள், தவணை தவணையாகப் பணம் விடுகிறார்கள், செலவுச் சான்றிதழ் கேட்கிறார்கள், எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை குழந்தைகள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். நல்ல அலுவலர் ஒருவர் அமைந்தால், கணக்கு எழுதத் தெரியாத சிறு அமைப்புக்கும் எழுதக் கற்றுக்கொடுத்து, தன் தலைமையகத்தில் அதற்காக வாதாடுகிறார். அப்படிப்பட்டவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வருவதில்லை. அவர்கள் செய்வது பெரிய வேலை என்றே நான் கருதுகிறேன். ஒரு காசு எங்கே போனது என்று சொல்ல முடிகிற இன்றைய ஒழுங்கு, அன்றைய தாராளத்தைவிட நேர்மையானது.

ஆனால் இந்த ஒழுங்கில் நாம் இழந்தது காலத்தை. 2013 கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்களை, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதே ஏற்பாட்டில் தொடர் திட்டம் என்பது தொடங்கிய நிதியாண்டை விட்டால் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. நிறுவனம் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. கூடலூரை அடுத்த, ஆலைகள் குறைந்த பந்தலூர் மலைக்கு அதனால் என்ன பெரிதாக வந்துவிடும்? 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பெரிய அமைப்பு தான் பெற்ற பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. தில்லியிலோ மும்பையிலோ அலுவலகம் வைத்திருப்பவரை நம்பியே இதுவரை உதவி பெற்ற மலைக்கிராமத்துக் குழுவுக்கு, அந்த நடுப்பாலம் இப்போது இல்லை.

கட்டடத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஸ்கேன் கருவிக்கும் இன்றும் பணம் கிடைத்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குத் தேதியும் குறிக்கலாம். ஊர் ஊராக நடக்கும் பணியாளரின் மாதச் சம்பளத்துக்குத்தான் கிடைப்பதில்லை. அவர் வந்து போவதால் ஒரு குழந்தை நோயில் விழவில்லை என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? மூன்றாண்டு முடிந்து நிதி நின்றால் அவர் தோட்டக் கூலிக்குத் திரும்புகிறார். அவரோடு, யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்ற பட்டியலும் போய்விடுகிறது.

அரசு இன்று எங்கும் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008-இலிருந்து 108 ஆம்புலன்ஸ், 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். கடந்த 2025 ஏப்ரல் 6 அன்று ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. செலவு 143.69 கோடி ரூபாய். பழங்குடியினருக்கெனத் தனியாக 50 படுக்கைகள். குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்த அதே தேதி, 118 ஆண்டுகள் கழித்து. ஐரோப்பியர் உடல் தேற உருவான ஊரில் பணியருக்கும் இருளருக்கும் படுக்கை ஒதுக்கப்பட்டிருப்பது சாதாரண மாற்றமல்ல. இதைக் காண எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். ஆயினும் பந்தலூர்ப் பக்கத்து எருமாட்டிலிருந்தோ அய்யன்கொல்லியிலிருந்தோ கூடலூர் வந்து, மலையேறி அந்தப் படுக்கையை அடைய அரை நாள் ஆகும். கூட ஒருவர் வர வேண்டும். இருவரின் கூலியும் போகும். அந்தத் தொலைவை அளந்து, போ என்று சொல்லி, கூடவே வந்து, திரும்பிய பின்னும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்ப்பவர் அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க முடியும்.

அறக்கட்டளைகளின் குழுக்களிலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் குழுக்களிலும் அமர்ந்திருக்கும் தமிழர்கள் இன்று பலர். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மலையிலிருந்து விண்ணப்பம் வந்தால், சம்பளம் என்ற தலைப்பின் கீழுள்ள தொகையைக் குறைக்காதீர்கள். சட்டம் மூன்றாண்டு என்றால் மூன்றாண்டு முடிவதற்குள் அடுத்த மூன்றாண்டுக்குக் கையெழுத்திடுங்கள். சட்டத்தின் கட்டு இல்லாத சொந்த அறக்கட்டளை உங்களுடையது என்றால், ஒரு செவிலியருக்கும் ஒரு நலப் பணியாளருக்கும் பத்தாண்டுச் சம்பளத்தை இப்போதே ஒதுக்குங்கள்.