மிளகாய் மூட்டைக்கு வீட்டுக் குளிர் யந்திரம் உதவுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் மிளகாய் பயிரிடும் மிராசுதார்கள் சிலர், அறுவடைக் காலத்து விலைச் சரிவுக்கு அஞ்சி, படுக்கையறைக்குப் பூட்டும் குளிர் யந்திரத்தையே மூட்டையறைக்கும் பூட்டலாகாதா என்று வினவுகின்றனர். விருதுநகர்க் குளிர்பதனக் கிடங்கின் வாடகையும் வண்டிக்கூலியும் மிஞ்சுமென்பது அவர்கள் எண்ணம். எண்ணம் நியாயமே; யந்திரந்தான் இசையாது.

இரண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குவன. குழாய்க்குள் திரவம் ஆவியாகுங்கால் அறையின் உஷ்ணத்தைக் கவர்ந்து, பின் வெளியே விடுகிறது. ஆயினும் வீட்டு யந்திரம் மனிதர் சுகத்துக்கென அமைந்தது. நட்சத்திரக் குறியிட்டவை 24 டிகிரியில் துவங்கவேண்டுமென்பது 2020-ஆம் வருஷத்து விதி. எவ்வளவு தணித்தாலும் பெரும்பாலும் 16 டிகிரியோடு நின்றுவிடும். வற்றலின் நிறமும் காரமும் கெடாதிருக்கவோ சுமார் 5 முதல் 8 டிகிரி வரை, இரவும் பகலும், மாதக்கணக்கில் வேண்டும்.

பெருங் கிடங்குகளில் பொதுவாக அம்மோனியா யந்திரம் ஓடும். சுவர், கூரை, கதவு யாவும் உஷ்ணம் புகாத தடித்த உறையுடையன. காற்றின் ஈரமும் அளவாக நிறுத்தப்படும். நமது ஓட்டு வீட்டிலோ சித்திரை வெயில் கூரை வழியே இறங்கும். யந்திரம் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். மின்சாரம் நின்றதும் வெளிக்காற்றுப் புகுந்து, குளிர்ந்த மூட்டைகள் வியர்க்கும். வியர்த்த வற்றலில் பூஞ்சணம் பற்றும். அதில் அப்லடாக்சின் என்னும் நஞ்சு கண்டால் ஏற்றுமதி வியாபாரி திரும்பியும் பாரார்.

ஆகவே கிடங்குக்கே அனுப்புக. அதற்குமுன் தார்ப்பாயில் பரப்பி, ஈரம் 10, 11 சதவீதமாகும்வரை உலர்த்துக. அசைத்தால் விதை கலகலக்கவேண்டும். திரும்ப எடுக்குங்கால் மூட்டையை உடனே பிரியாது, சூடு சமமாகும்வரை நிழலில் அடுக்கி வைத்திருக்கவும்.