நின்று நின்று ஓடும் படம்

குஜராத்தில் ஒரு சின்னப் புகையிரத நிலையம். அங்கே தேநீர் விற்கிறார் ஓர் அப்பா. அவருடைய மகன் சமய் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் தியேட்டருக்குப் போகிறான். அங்கே படம் ஓட்டுகிற பசலோடு கூட்டுச் சேர்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பசலுக்குக் கொடுக்கிறான். பசல் அவனை மெசின் அறையில் இருத்திப் படம் காட்டுகிறார். 2021இல் பான் நளின் எடுத்த ‘செல்லோ ஷோ’ படத்தின் கதை இது. ‘கடைசிக் காட்சி’ என்று அர்த்தம். தான் சிறுவயதில் வாழ்ந்ததைக் கலந்துதான் நளின் இதை எடுத்தார். சமயாக நடித்த பவின் ரபாரிக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது.

சமயும் கூட்டாளிகளும் படச்சுருள் துண்டுகளை எடுத்துவந்து, கிடைத்த சாமான்களைப் பூட்டித் தாங்களே ஒரு புரொஜெக்டர் செய்கிறார்கள். படம் தெரிகிறது, சத்தம் இல்லை. அதனால் சத்தத்தையும் அவர்களே போடுகிறார்கள்! நூறு வருடத்துக்கு முந்திய மௌனப் படக் காலம் அந்தப் பிள்ளைகளின் கையில் திரும்பவும் பிறக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, படம் எப்படி ஓடுகிறது?

உண்மையில் அது ஓடுவதே இல்லை. சுருளில் இருப்பதெல்லாம் அசையாத படங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் சுருளைச் சும்மா இழுத்தால் திரையில் வெறும் கோடுதான் தெரியும். ஆகவே ஒரு கொக்கி அல்லது பற்சக்கரம், சுருளின் ஓரத் துளையில் மாட்டி ஒரு படத்தைக் கீழே இழுக்கும், பிறகு நிற்கும். இழுபடும் நேரத்தில் சுழலும் தகடு ஒன்று வெளிச்சத்தை மறைக்கும். படம் நின்றதும் தகடு விலகும். திரும்ப மறைப்பு, இழுப்பு, நிறுத்தம். சுருளில் படம் ஓட்டிய தியேட்டர்களில் ஏறத்தாழப் பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருந்தது. பார்ப்பவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

மௌனப் படங்கள் பெரும்பாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 16 படம் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. 16 தடவை மட்டும் வெளிச்சம் வந்தால் கண் கூசும், திரை துடிக்கும். அதனால் தகட்டில் மூன்று இதழ் வைத்தார்கள். ஒரே படம் மூன்று முறை மின்னும்; 16 படத்துக்கு 48 மின்னல். துடிப்பு அடங்கிவிடும். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அசைவைச் சேர்ப்பது மெசின் இல்லை, உங்கள் மூளை.

சார்ளி சப்ளின் ஏன் அவ்வளவு விறுவிறென்று நடக்கிறார் என்று யோசித்திருப்பீர்கள். செக்கனுக்கு 16 என்று எடுத்ததை, பேசும்படத்தின் வேகமான 24இல் ஓட்டினால் நடை ஒன்றரை மடங்கு வேகமாகும். அந்தக் காலக் கமராவைக் கையால் சுற்றினார்கள். செக்கனுக்கு இரண்டு சுற்று. சுற்றுகிறவரின் கைதான் வேகத்தை முடிவு செய்தது. இதே போலத்தான் இலங்கையின் வன்னியில் மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிவிடும். அம்மம்மாவிடம் கேளுங்கள், சொல்லுவா.

நீங்களும் செய்து பார்க்கலாம். தடித்த மட்டையில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டம் வெட்டுங்கள். 12 சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிகோட்டிலும் விளிம்பிலிருந்து ஒல்லியான வெட்டு. ஒவ்வொரு பங்கிலும் கோழி தலை குனிந்து கொத்தி நிமிர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரையுங்கள். பின்பக்கத்துக்குக் கறுப்பு அடியுங்கள். நடுவில் குண்டூசி குத்திப் பென்சிலில் மாட்டி, படத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிச் சுழற்றி, வெட்டுகளுக்கூடாகப் பாருங்கள். கோழி கொத்தும்! வெட்டுக்கூடாகப் பார்க்காமல் நேரே பார்த்தால் எல்லாம் கலங்கித் தெரியும். மறைப்புத் தகட்டின் வேலையை அந்த வெட்டுகள் செய்கின்றன. 1832இல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளட்டோ இந்தச் சுழல் வட்டத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் அவருக்கே கண் பார்வை போய்விட்டது.

‘செல்லோ ஷோ’வுக்குத் திரும்புவோம். அதில் சுருள் தேவைப்படாத டிஜிட்டல் முறை வந்ததும் புரொஜெக்டர்களை உருக்கிக் கரண்டி செய்கிறார்கள், படச்சுருள்கள் வளையலாகின்றன. சமய் அதைப் பார்த்து நிற்கிறான். கடைசியில் அப்பாவே அவனைப் படிக்கவென்று ரயில் ஏற்றிவிடுகிறார்.

சுருளை உருக்குவது வெறும் கற்பனை இல்லை. சந்திரனுக்குப் போகும் படத்தை 1902இல் எடுத்த பிரான்ஸ்காரர் ஜோர்ஜ் மெலியே ஏறத்தாழ 500 படங்கள் எடுத்தார். முதலாம் உலகப் போரில் அவற்றின் சுருள்கள் பலவற்றை உருக்கி, படையினரின் சப்பாத்துக் குதி செய்தார்கள். மிஞ்சியதிலும் ஒரு பகுதியை மனமுடைந்து அவரே எரித்தார். தாயை இழந்து அவரோடு வளர்ந்த பேத்தி மடலின், பெரியவளானதும் தாத்தாவின் படங்களை நாடு நாடாகத் தேடினார். இன்று 200க்கு மேல் மீண்டிருக்கின்றன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ படமோ ஒரு பிரதிகூட இல்லாமல் அழிந்துபோனது.

படச்சுருள்கள் போலவே, போர்க்கால இடம்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் அல்பமும் போய்விட்டது. உங்கள் வீட்டில் தப்பிய பழைய போட்டோ இருந்தால் கவனமாக வையுங்கள். அதன் மேற்பூச்சில் ஜெலற்றின் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். காய்ந்த, வெயில் படாத இடத்தில் தாள் உறையில் வையுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த வருடம் என்று அம்மம்மாவிடமும் அம்மப்பாவிடமும் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். இந்தக் கிழமையே செய்யுங்கள்.