ஏற்காட்டில் புது வீடா? பூசணத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்!

கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மழைக்காலம்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள், பூசண வாடை. உடனே பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்.

கலவையிலும் பூச்சிலும் சேர்ந்த தண்ணீர், புதுச் சுவருக்குள் மாதக்கணக்கில் தங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் சூழும் ஏற்காட்டில் அது இன்னும் மெதுவாகவே காயும். மேலே பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. நன்றாகக் காய விடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் குழாய், மொட்டைமாடிக் கசிவைத் தேடுங்கள்.

வெளிப்பக்கம் நீர் என்றால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சமையலறை, குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். அறைக்குள் துணி காயப்போடாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மாஸ்க், கையுறை அணிந்து, சோப்புத் தண்ணீரால் பூசணத்தைத் துடைத்து உலர்த்துங்கள். பிளீச்சையும் ஆசிட்டையும் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, சுவாசக் கோளாறு அபாயம் கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது. ஈரம் நிற்கும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்!