தேர்க்கூட்டத்துக்குள் துப்பாக்கிக்கு இடமில்லை

ஆவணி பிறந்துவிட்டால் கரிவலம்வந்தநல்லூரில் வேறு பேச்சு கிடையாது. ஆடித்தவசுக்குச் சங்கரன்கோவிலில் தென்மாவட்டமே திரளும். அடுத்த மாதம் ஆவணித்தவசுக்கு, அதற்கு வடக்கே ராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம் நிரம்பிவிடும். ஒப்பனையம்மாள் தவசிருக்க, பால்வண்ணநாதர் காட்சி கொடுக்கும் அந்தச் சாயங்காலம் ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும். அப்பாக்களின் தோளில் பிள்ளைகள், திண்ணையோரம் கால் நீட்டி உட்கார்ந்த ஆச்சிகள், வளையல் கடை, பலூன், பூக்கூடை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சட்டைக்குள் இடுப்பில் கைத்துப்பாக்கி செருகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கள்ளத் துப்பாக்கி அல்ல. கலெக்டர் கொடுத்த உரிமம் இருக்கிறது. தோட்டாவுக்குக் கணக்கு இருக்கிறது. வழக்கு, வம்பு எதிலும் அவர் பெயர் இல்லை. அவர் அதோடு சாமி பார்க்க வரலாமா?

வரக்கூடாது. காவல்துறை புதிதாக ஏதாவது உத்தரவு போட்டால்தான் கூடாது என்பதல்ல. அவர் கையில் இருக்கும் உரிமத்தின் நிபந்தனையிலேயே அது இருக்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட் தனியாக அனுமதி கொடுத்தாலொழிய சந்தை, திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் எதற்கும் துப்பாக்கியை எடுத்துச் செல்லக்கூடாது. கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளும் கொண்டுபோகக்கூடாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர் இடுப்பிலும் இருக்கக்கூடாது, கோவில் கொடையில் முதல் மரியாதை வாங்கப் போகிறவர் இடுப்பிலும் இருக்கக்கூடாது. நிபந்தனையை மீறினால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குப் போகலாம். அதைவிடப் பெரிய அடி, 17-ஆவது பிரிவின்படி உரிமமே ரத்தாகலாம்.

உரிமம் வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதுதான் என் கவலை. தாசில்தார் அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர் அறிக்கை என்று அலைந்து வாங்கிய உரிமம் என்பதால், 'இனி எங்கும் கொண்டுபோகலாம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நம் சட்டம் அப்படிப்பட்ட உரிமையைத் தரவில்லை. உரிமம் எந்த மாவட்டத்துக்கு, எந்த மாநிலத்துக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லை தாண்டினால் துப்பாக்கி குற்றப்பொருள். எல்லைக்குள்ளும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கையைக் கட்டுகின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையிலோ பையிலோ முழுவதும் மூடித்தான் வைத்திருக்க வேண்டும். தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டவோ, கல்யாணத்திலும் விழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடவோ கூடாது. வடமாநிலங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் சுட்ட குண்டு மாடியில் வேடிக்கை பார்த்தவர் மேல் பாய்ந்து உயிர் போன செய்திகள் ஓய்ந்தபாடில்லை. அதனால்தான் 2019 திருத்தத்தில் கொண்டாட்டத் துப்பாக்கிச்சூட்டைத் தனிக் குற்றமாகவே சேர்த்தார்கள்: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

தற்காப்புக்குத்தானே வாங்கினேன், ஆபத்து வரும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் வீட்டு பீரோவில் பூட்டி வைக்கவா என்று உரிமதாரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ரதவீதி நெரிசலில் அந்தத் துப்பாக்கி என்ன செய்யும் என்று பாருங்கள். குண்டு யார்மேல் படக்கூடாதோ அவர்தான் முன்னாலும் பின்னாலும் நிற்கிறார். குறி தவறினால் போய்ப் புதைய ஒரு மண்சுவர்கூட அங்கே கிடையாது. வடம் பிடிக்கும் தள்ளுமுள்ளில் உறையிலிருந்து நழுவி விழலாம். பர்ஸ் அடிக்கிற கை அதையும் உருவிவிடலாம். ஒரே ஒரு வெடிச்சத்தம் போதும், ஆயிரம் பேர் ஒரு சந்துக்குள் ஓடுவார்கள். குண்டு பட்டுச் சாகிறவர்களைவிட மிதிபட்டுச் சாகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். இந்த நிபந்தனை உரிமதாரரைச் சந்தேகிப்பதற்காகப் போட்டது அல்ல. கூட்டத்தின் இயல்பு தெரிந்தவர்கள் எழுதியது.

ஹூஸ்டனிலும் டாலஸிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதை வேறு மாதிரி பார்த்திருப்பார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதான பெரும்பாலோர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். அங்கே எங்கும் கொண்டுபோகலாம் என்பது விதி. பள்ளி, வாக்குச்சாவடி, நீதிமன்றம், குதிரைப் பந்தயத் திடல் போன்றவை விலக்கு. மது விற்பனையிலிருந்தே வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ வருகிற மதுக்கூடத்தின் வாசலில் அந்த எண்ணைச் சிவப்பில் பெரிதாக எழுதி மாட்டியிருப்பார்கள். உள்ளே துப்பாக்கி கூடாது என்று அர்த்தம். 2022 ஜூன் 23 அன்று நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. எந்தெந்த இடங்கள் விலக்கு என்பதில் அதன் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு. நம் நாட்டில் வைத்திருப்பதே விலக்கு, அதுவும் கூட்டம் தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டில் எது நமக்கு உகந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் வாசல் பலகையில் தெளிவாக எழுதிவைப்பதை மட்டும் நாம் கற்றுக்கொள்ளலாம். உரிமப் புத்தகத்தோடு நிபந்தனைகளைக் கொட்டை எழுத்தில், நல்ல தமிழில், ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

ஆயுதம் பறிபோன மண்

ஆயுதத்துக்குத் தடை என்றால் இந்த வட்டாரத்தில் சட்டென்று ஒரு கசப்பு எழும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1755-இல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது மறுத்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழித்துக்கட்டியது. வேலும் வளரியும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமக் கட்டாயமும் வைத்தது. அந்தப் பாகுபாடு அவமானம். அதை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள்.

ஆனால் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இன்றைய சட்டத்தின் திருவிழா நிபந்தனைக்கு அந்தக் குணம் இல்லை. ஆள் யார், சாதி எது, நிறம் எது என்று அது கேட்பதில்லை. இடம் எது என்று மட்டுமே கேட்கிறது. ஆகஸ்ட் 20-இல் பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1-இல் நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்தநாள் என்று ஆவணியில் இந்தப் பக்கமெங்கும் கூட்டம் சேரும். தென்காசி மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு போடுவதும் வழக்கம். முன்பு 144, இப்போது புதிய சட்டத்தில் 163. இரண்டு வீரர்களுக்கும் மாலை போட வருகிறவர்கள் ஆயுதம் இல்லாமல் வந்து அமைதியாகத் திரும்புவதுதான் அந்த இரண்டு ஊர்களுக்கும் செய்யும் மரியாதை. பெரிய மனிதர் வந்தால் அவர் வண்டியைச் சோதிக்காமல் விடும் பழக்கம் எங்கே இருந்தாலும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் துப்பாக்கி உரிமங்கள் குறைவு. 2016 இறுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 33.7 லட்சம், அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், நம் மாநிலத்தில் 22 ஆயிரத்துச் சொச்சம். அந்தக் கொஞ்சமும் ஊரில் செல்வாக்குள்ளவர்களிடமே பெரும்பாலும் இருப்பதால்தான் கேட்கத் தயங்குகிறார்கள்.

தேர்தல் வந்தால்

வாக்குச்சாவடிக்குத் தனிச் சட்டமே உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்த்த 134-பி பிரிவின்படி, தேர்தல் அதிகாரியும் பணியில் உள்ள காவலரும் தவிர வேறு யாரும் வாக்குப்பதிவு நாளில் சாவடியின் அக்கம்பக்கத்துக்கே ஆயுதத்தோடு போகக்கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, துப்பாக்கி பறிமுதல், உரிமம் ரத்து. ஆனால் நடைமுறையில் அதற்கு வெகுநாள் முன்பே துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும். தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். யாரிடம் வாங்குவது, யாருக்கு விலக்கு என்பதைக் கலெக்டரும் எஸ்.பி.யும் கொண்ட குழு பார்த்து முடிவெடுக்க வேண்டும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு.

துப்பாக்கியை ஒப்படைத்தவர்கள் தோட்டாவை மறந்துவிடுவதும் நடக்கிறது. 2024 ஜூன் தொடக்கத்தில், நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கருணாஸ் சென்னை விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கு வந்தபோது அவருடைய பையில் 40 தோட்டாக்கள் இருந்தன. உரிமம் இருந்தது; தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்திருந்தார்; தோட்டா பையில் தங்கிவிட்டது என்று விளக்கினார். ஆவணங்களைப் பார்த்து அவரை விட்டுவிட்டார்கள், ஆனால் பயணம் நடக்கவில்லை. விமானத்தில் கைப்பையில் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. முன்கூட்டியே சொல்லி, குண்டு இறக்கி, பதிவு செய்த சாமானோடுதான் அனுப்ப வேண்டும். மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமானம் ஏறப் போகிறவர் பையின் மூலைமுடுக்கெல்லாம் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்று இந்தத் தேர்தல் ஒப்படைப்பில் இருக்கிறது. கரிவலத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று அடிவாரமெங்கும் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும். அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர் பலருக்கு அது கௌரவம் அல்ல, பயிர்க்காவல். சட்டமே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனியாகக் குறிப்பிடுகிறது. சரணாலய எல்லைக்குள் அதைக் கொண்டுபோகக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி கேட்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர் தன் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சுற்றளவில் புது உரிமம் கொடுக்கவும் காப்பாளரின் இசைவு வேண்டும். நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015-இல் வந்தபிறகு அடிவார ஊர்கள் பல இந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. இவை எல்லாம் நியாயமே. மலை மிருகத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

பன்றியைச் சுடவும் விவசாயிக்கு அனுமதி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால் உரிமம் பெற்றவர்கள் பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம். இங்கே 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினர் மட்டும் சுடலாம். விவசாயியின் துப்பாக்கி இரவில் ஒரு சத்தம் கொடுத்து விரட்டத்தான் பயன்படுகிறது. தேர்தல் வந்தால் அந்தச் சத்தமும் நின்றுவிடும். 2024-இல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-லேயே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. எண்ணி முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் துப்பாக்கி திரும்பி வரும். ஆக, ஏறத்தாழ மூன்று மாதம். வாழைக்கும் கரும்புக்கும் பன்றி அந்த மூன்று மாதம் காத்திருக்காது.

தனித்தனியாகக் காரணம் பார்க்காமல் ஒட்டுமொத்தமாக எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்லக்கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. குழு அமைக்கச் சொன்ன தேர்தல் ஆணையத்தின் நோக்கமும் அதுதான். கைத்துப்பாக்கியோடு பிரசாரத்துக்கு வருகிறவரையும் தோட்டத்துக் குடிசையில் ஒற்றைக்குழல் வைத்திருப்பவரையும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. அடிவார விவசாயிகள் தேர்தல் அறிவித்த அன்றே கலெக்டரிடம் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம். பட்டா நகல், வனத்துறைப் பதிவு, முந்தைய ஆண்டு பயிர்ச்சேத மனு ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தால் குழு அதைப் படித்துப் பார்த்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.