மருந்துக்கு மசியாத புல்

காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறந்தாலும், கல்லணை, கீழணை தாண்டித் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும். நடவுக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். அதனால் நேரடி விதைப்புக்கு மாறியவர்கள் நிறைய. நாற்றங்கால், நடவுச் செலவு மிச்சம்தான். ஆனால் களைக்குக் கொண்டாட்டம்!

நடவு வயலில் நாற்று, களையைவிட மூன்று வாரமாவது மூத்தது. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைக்கும். அதிலும் குதிரைவாலிப் புல், இளம் பருவத்தில் நெல்லைப் போலவே இருந்து ஏமாற்றும். இலையும் தண்டும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் வெள்ளையாக ஒரு சின்னச் சவ்வு இருக்கும், குதிரைவாலியில் இருக்காது.

விதைத்த 15-20 நாளில் பலரும் தெளிப்பது பிஸ்பைரிபேக் சோடியம். குதிரைவாலியும் கோரையும் அடங்கிவிடும். சிவந்த கதிரைக் கிளைகிளையாக விடும் லெப்டோகுளோவா புல் மட்டும் தப்பிவிடும். போட்டிக்கு ஆளில்லாத வயலில் அது ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அடுத்த வருடம் வயலே அதன் கையில். இதற்குச் சைஹலோபாப் பியூட்டைல் கேட்கும், ஆனால் அந்த மருந்துக்குக் கோரையும் ஆரைக்கீரையும் அசையாது. வயலில் எந்தக் களை என்று பார்க்காமல், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி அடித்தால் காசுதான் கரையும்.

இந்தப் புல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் தேங்கி நின்றால் இதன் விதை முளைக்காது. ஆரம்பத்தில் வயலில் தண்ணீர் கட்ட முடியாத கடைமடையில் இது பெருகுவது அதனால்தான். கோடை மழையில் உழுது, களையை முளைக்கவிட்டு, மறுபடி உழுது அழித்தபிறகு விதைப்பது கைகொடுக்கும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் களை விஞ்ஞானி ஆர்.எம்.கதிரேசன் ஆராய்ந்தது வேறு வழி: நெல்லோடு மீனும் கோழியும். வயலில் பள்ளம் வெட்டி மீன் குஞ்சு விடுவார்கள், மேலே கோழிக்கூண்டு. எச்சம் தண்ணீரில் விழுந்து மீனுக்கு இரையாகும், பயிருக்கு உரமாகும். மீன்கள் இளம் களையைக் கடிக்கும், சேற்றைக் கிளறும். ஒரே வயலில் நெல், மீன், முட்டை என்றால் கசக்குமா?

ஆனால் பள்ளத்தில் தண்ணீர் வற்றவே கூடாது. மீன் விட்டபின் பூச்சிமருந்து தெளித்தால் மீன் செத்து மிதக்கும். போர்வெல் கைவசம் உள்ளவர்கள், முதலில் ஒரு சின்னத் துண்டு வயலில் செய்து பார்க்கலாம்.